பாண்டில் போடலாமா, மியூச்சுவல் ஃபண்டில் போடலாமா?

நீங்கள் கேட்டதை நான் சரியாகப் புரிந்துகொண்டேனா என்று முதலில் பார்த்துக்கொள்கிறேன். வயது 32. திருப்பூரில் ஓர் ஏற்றுமதி நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் வேலை, மாதம் 50,000 ரூபாய் சம்பளம். ஐந்து ஆண்டுகளுக்கு முன் போட்ட ஃபிக்சட் டெபாசிட் முதிர்ந்து 6 லட்சம் ரூபாய் சேமிப்புக் கணக்கில் கிடக்கிறது. அதைப் பார்த்துவிட்டு வங்கியிலிருந்து மியூச்சுவல் ஃபண்டில் போடச் சொல்லி அழைக்கிறார்கள். உங்கள் மாமா 11 சதவீத வட்டி தரும் பாண்டு ஒன்றைக் காட்டி, அதுதான் பாதுகாப்பு என்கிறார். அப்பாவோ இரண்டும் சூதாட்டம், பேசாமல் மறுபடியும் டெபாசிட் போடு என்கிறார். இரண்டு ஆண்டுக்குள் தங்கையின் திருமணத்துக்கு 2 லட்சம் தேவைப்படும். ஆகவே, இரண்டில் எது பாதுகாப்பானது என்று கேட்கிறீர்கள்.

கேள்வி இப்படி நின்றால் யாராலும் நேர்மையாகப் பதில் சொல்ல முடியாது. அரிசி நல்லதா, அண்டா நல்லதா என்று கேட்பதைப் போன்றது இது. பாண்டு ஒரு பண்டம். மியூச்சுவல் ஃபண்டு பல பண்டங்களைப் போட்டு வைக்கும் பாத்திரம். அதற்குள் பங்குகள் இருக்கலாம், தங்கம் இருக்கலாம், நீங்கள் பாதுகாப்பு என்று கேள்விப்பட்ட அதே பாண்டுகளும் இருக்கலாம். முழுக்க முழுக்க மத்திய அரசின் கடன் பத்திரங்களை மட்டும் வைத்திருக்கும் ஃபண்டும் உண்டு. சிறிய நிறுவனங்களின் பங்குகளை மட்டும் வைத்திருக்கும் ஃபண்டும் உண்டு. இரண்டுக்கும் பெயர் மியூச்சுவல் ஃபண்டுதான். எனவே நீங்கள் உண்மையில் கேட்க வேண்டியவை வேறு: இந்தப் பணத்தை எனக்குத் திருப்பித் தர வேண்டியவர் யார், எப்போது தருவார், நடுவில் எனக்குத் தேவைப்பட்டால் எப்படி வெளியே எடுப்பது? இந்த மூன்றுக்கும் பதில் கிடைத்தால் பெயர் எதுவாக இருந்தாலும் கவலையில்லை. கிடைக்காவிட்டால் மாமா சொன்னாலும் வேண்டாம், வங்கி மேலாளர் சொன்னாலும் வேண்டாம்.

நான் ஒரு பொதுத்துறை வங்கியில் முதலில் கிளைகளிலும் பிறகு பல ஆண்டுகள் மும்பையில் கருவூலப் பிரிவிலும் வேலை செய்தவன். வங்கியின் பணத்தில் அரசுக் கடன் பத்திரங்களை வாங்குவதும் விற்பதும்தான் அங்கே அன்றாட வேலை. பாண்டுகளைப் பற்றிச் சற்று உறுதியாகவே பேசுவேன். நான் பங்குச் சந்தையையும் மியூச்சுவல் ஃபண்டுகளையும் ஒழுங்குபடுத்தும் அமைப்பான செபியில் பதிவு பெற்ற ஆலோசகன் இல்லை. எந்தத் திட்டத்தையும் பெயர் சொல்லி வாங்கு என்று சொல்ல மாட்டேன். முடிவு உங்களுடையது.

பாண்டு என்பது நீங்கள் கொடுக்கும் கடன். வாங்குபவர் அரசாங்கமாக இருக்கலாம், நிறுவனமாக இருக்கலாம். ஓர் உதாரணத்தைக் கையில் எடுத்துப் பார்ப்போம். "7.10% ஜி.எஸ். 2034" என்று ஒரு மத்திய அரசுப் பத்திரம் இருக்கிறது. பெயரிலேயே முக்கால்வாசிச் செய்தி அடங்கிவிட்டது. ஜி.எஸ். என்றால் கடன் வாங்கியவர் இந்திய அரசு. 7.10 என்பது முகமதிப்பின் மீது, அதாவது பத்திரத்தில் குறித்திருக்கும் அசல் தொகையின் மீது, ஆண்டுக்குத் தரும் வட்டி விகிதம். சந்தையில் இதைக் கூப்பன் என்பார்கள். 2034 என்பது அசலைத் திருப்பித் தரும் ஆண்டு. 10,000 ரூபாய் முகமதிப்புக்கு வைத்திருந்தால் ஆறு மாதத்துக்கு ஒருமுறை 355 ரூபாய் உங்கள் வங்கிக் கணக்கில் வந்து விழும். 2034 ஏப்ரலில் கடைசி வட்டியோடு 10,000 ரூபாயும் வரும். நவம்பர் 2021-இல் ரிசர்வ் வங்கி தொடங்கிய ரீடெய்ல் டைரக்ட் இணையதளத்தில் கணக்குத் தொடங்கி, தனிநபர்களே இத்தகைய பத்திரங்களை நேரடியாக வாங்கலாம். குறைந்தபட்சம் 10,000 ரூபாய் போதும், கணக்குக்குக் கட்டணமும் இல்லை. அதற்கு முன்பு இது பெரும்பாலும் எங்களைப் போன்ற நிறுவனங்கள் புழங்கும் சந்தையாகவே இருந்தது.

இனிமேல் சொல்வதுதான் புதியவர்கள் பெரும்பாலும் கேள்விப்படாத பகுதி. பாண்டின் விலை தினமும் மாறும். 1,000 ரூபாய் முகமதிப்பு, 7 சதவீதக் கூப்பன், பத்து ஆண்டு முதிர்வு கொண்ட ஒரு பத்திரத்தை நீங்கள் வாங்கியிருக்கிறீர்கள். அடுத்த மாதமே சந்தை வட்டி 8 சதவீதமாக ஏறிவிடுகிறது. புதிதாக வருகிறவருக்கு 8 சதவீதப் பத்திரம் கிடைக்கும்போது உங்களுடைய 7 சதவீதப் பத்திரத்தை அவர் ஏன் முழு விலைக்கு வாங்க வேண்டும்? கணக்குப் போட்டால் அதன் விலை சுமார் 933 ரூபாய்க்கு இறங்கும். அதே பத்திரம் இரண்டு ஆண்டில் முதிர்வதாக இருந்தால் சுமார் 982 ரூபாய்க்குத்தான் இறங்கும். வட்டி ஏறினால் விலை இறங்கும், வட்டி இறங்கினால் விலை ஏறும். முதிர்வு எவ்வளவு தள்ளி இருக்கிறதோ ஆட்டம் அவ்வளவு பெரிது. இதில் ஐயத்துக்கே இடமில்லை, வெறும் கணக்கு.

கருவூலப் பிரிவில் காலாண்டு முடிவு நெருங்கும்போது முகங்களில் தெரியும் கவலை இதைப் பற்றியதுதான். அரசுப் பத்திரத்தில் பணம் வராமல் போகுமோ என்று அங்கே யாரும் பயப்படுவதில்லை. அன்றைய சந்தை விலையில் மதிப்பிட்டால் எத்தனை கோடி இறக்கம் காட்ட வேண்டியிருக்கும் என்பதே பயம். 2023 மார்ச்சில் அமெரிக்காவின் சிலிக்கான் வேலி வங்கி விழுந்ததை நினைத்துப் பாருங்கள். அது வைத்திருந்தவை பெரும்பாலும் அமெரிக்க அரசின் பத்திரங்களும் அரசு ஆதரவு பெற்ற வீட்டுக்கடன் பத்திரங்களும். அவற்றில் வர வேண்டிய பணம் வராமல் போகவில்லை. வட்டி விகிதம் வேகமாக ஏறியதால் விலை இறங்கியிருந்தது. அந்த நேரம் பார்த்து வைப்பாளர்கள் பணத்தைக் கேட்டார்கள். நட்டத்தில் விற்க வேண்டியதாயிற்று. முதிர்வு வரை காத்திருக்க முடிந்திருந்தால் முழுப் பணமும் வந்திருக்கும். உலகத்திலேயே பாதுகாப்பானது என்று பெயரெடுத்த பத்திரமாக இருந்தாலும், காத்திருக்க முடியாதவர் கையில் அது பாதுகாப்பானது அல்ல. தங்கையின் திருமணப் பணத்தைப் பத்தாண்டுப் பத்திரத்தில் போடக்கூடாது என்று நான் சொல்வது இதனால்தான்.

இன்னொரு அபாயம், கடன் வாங்கியவர் தராமலே போவது. சுதந்திர இந்தியாவின் மத்திய அரசு தன் ரூபாய்க் கடனைத் தராமல் விட்டதில்லை. நிறுவனங்கள் விட்டிருக்கின்றன. அதை முன்கூட்டியே அளந்து சொல்லத்தான் ஏ.ஏ.ஏ., ஏ.ஏ., ஏ, பி.பி.பி. என்று இறங்கிக்கொண்டே போகும் தரமதிப்பீடு இருக்கிறது. கடைசிப் படி டி. பணம் தரத் தவறியாயிற்று என்று பொருள். இந்த எழுத்துகளை மதியுங்கள், ஆனால் முழுசாக நம்பிவிடாதீர்கள். 2018-இல் உள்கட்டமைப்புத் திட்டங்களுக்குக் கடன் தந்துவந்த ஐ.எல்.எஃப்.எஸ். குழுமம் ஏ.ஏ.ஏ. என்ற உச்சப் படியிலிருந்து டி வரை விழ ஒரு சில வாரங்களே ஆயின. அடுத்த ஆண்டு திவான் ஹவுசிங் என்ற வீட்டுக்கடன் நிறுவனம் தவணை தவறியது. அதுவும் சில மாதங்களுக்கு முன்புவரை ஏ.ஏ.ஏ. வைத்திருந்த நிறுவனம்தான். மதிப்பீடு நேற்று வரையிலான கணக்கைப் பார்த்துச் சொல்லப்படும் கருத்து. அதில் உத்தரவாதம் எதுவும் கிடையாது.

மாமா காட்டிய 11 சதவீதத்தை இப்போது பாருங்கள். மத்திய அரசு 7 சதவீதத்தை ஒட்டிக் கடன் வாங்கிக்கொண்டிருக்கும் நாட்டில் ஒரு நிறுவனம் உங்களுக்கு 11 தருகிறது என்றால், அந்தக் கூடுதல் 4 சதவீதம் அன்பளிப்பு அல்ல. குறைந்த வட்டிக்கு வங்கிகள் அதற்குக் கொடுக்கத் தயங்கியிருக்கின்றன என்றுதான் முதலில் எண்ண வேண்டும். அது மோசடி என்று நான் சொல்லவில்லை. நகைக்கடன், வாகனக்கடன் கொடுக்கும் முறையான நிறுவனங்கள் பல என்.சி.டி. என்ற பெயரில் பாண்டு வெளியிட்டு நாணயமாகத் திருப்பித் தந்திருக்கின்றன. ஆனால் அதே பணத்தை டெபாசிட் என்று நினைத்துப் போடக்கூடாது. வங்கி வைப்புக்கு 5 லட்சம் ரூபாய் வரை காப்பீடு உண்டு. பாண்டுக்கு ஒரு ரூபாய்கூடக் கிடையாது. "செக்யூர்டு" என்று போட்டிருந்தால், நிறுவனத்தின் சொத்து ஈடாக இருக்கிறது என்று பொருள். நிறுவனம் விழுந்தால் அந்த ஈடு உங்கள் கைக்குப் பணமாக மாறுவதற்கு ஆண்டுகள் ஆகலாம். சந்தையில் பட்டியலிடப்பட்டிருக்கிறது, எப்போது வேண்டுமானாலும் விற்கலாம் என்பார்கள். டீமேட் கணக்கில் (பங்குகளையும் பாண்டுகளையும் மின்னணு வடிவில் வைத்திருக்கும் கணக்கு) விற்கப் போட்டுப் பாருங்கள், சில பாண்டுகளில் நாள் முழுவதும் வாங்க ஆளே வர மாட்டார்கள்.

வங்கியின் பெயர் இருந்தாலும் பாண்டு பாண்டுதான். 2020 மார்ச்சில் யெஸ் வங்கியைக் காப்பாற்றியபோது அது வெளியிட்டிருந்த ஏ.டி.1 வகைப் பாண்டுகள், மொத்தம் 8,415 கோடி ரூபாய், அப்படியே பூஜ்யமாக்கப்பட்டன. அந்த வகைப் பாண்டுக்கு முதிர்வுத் தேதியே கிடையாது. வங்கி நொடித்தால் முதலில் அடிவாங்குபவற்றில் அதுவும் ஒன்று என்று விதிமுறையிலேயே எழுதியிருந்தது. அவற்றைச் சாதாரண வாடிக்கையாளர்களிடம், மூத்த குடிமக்கள் உட்பட, டெபாசிட்டைவிட மேலானது என்ற தோரணையில் விற்றதற்காக 2021-இல் செபி அந்த வங்கிக்கு 25 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. பாண்டுகளைப் பூஜ்யமாக்கியதை எதிர்த்த வழக்கு நீதிமன்றங்களில் நீண்டது வேறு கதை. அதே வங்கியில் டெபாசிட் போட்டிருந்தவர்கள் சில நாள் பணம் எடுக்கக் கட்டுப்பாட்டைச் சந்தித்தார்கள், ஆனால் அசலை இழக்கவில்லை. ஒரே கட்டடம், ஒரே கவுண்டர், கையெழுத்திட்ட தாள் மட்டும் வேறு.

மியூச்சுவல் ஃபண்டுக்கு வருவோம். பலரின் பணத்தைத் திரட்டி, ஒரு நிர்வாக நிறுவனம் முதலீடு செய்கிறது. உங்கள் பங்குக்கு யூனிட்டுகள் தருவார்கள். ஒரு யூனிட்டின் அன்றைய மதிப்பு என்.ஏ.வி.; வேலை நாள்தோறும் வெளியிட வேண்டும் என்பது விதி. இதில் உறுதியாகச் சொல்லக்கூடியது ஒன்று: சொத்துகள் நிர்வாக நிறுவனத்தின் பெயரில் இருப்பதில்லை. அறங்காவலர் அமைப்பின் பொறுப்பில், தனியான ஒரு காப்பாளரிடம் இருக்கும். நிர்வாக நிறுவனமே நொடித்தாலும் அதற்குக் கடன் கொடுத்தவர்கள் உங்கள் யூனிட்டுகளின் மீது கைவைக்க முடியாது. உறுதியாகச் சொல்ல முடியாதது: அந்தச் சொத்துகளின் மதிப்பு நாளைக்கு என்னவாக இருக்கும் என்பது. இந்த இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்வதால்தான் ஒரு பக்கம் "செபி கட்டுப்படுத்துகிறது, பயமே இல்லை" என்ற பேச்சும் மறுபக்கம் "கம்பெனிக்காரன் ஓடிவிடுவான்" என்ற பேச்சும் வருகின்றன. இரண்டும் தவறு. ஓட மாட்டார்கள், மதிப்பு இறங்கலாம்.

உங்கள் அப்பாவைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அந்தத் தலைமுறை பட்ட அடி அப்படி. 1964-இல் தொடங்கிய யூனிட் டிரஸ்டின் யு.எஸ்.64 என்ற மியூச்சுவல் ஃபண்டு திட்டத்தை அரசு வைப்பு என்றே நடுத்தரக் குடும்பங்கள் நம்பின. உள்ளே இருந்த பங்குகளின் மதிப்புக்கும் அறிவித்த யூனிட் விலைக்கும் தொடர்பு அறுந்துபோய், 2001 ஜூலையில் யூனிட்டுகளை விற்பதையும் திரும்ப வாங்குவதையும் நிறுத்திவைத்தார்கள். தமிழ்நாட்டில் அதற்கு முன்பே 1990களில் அதிக வட்டி ஆசை காட்டிய ஃபைனான்ஸ் கம்பெனிகள் வரிசையாக மூழ்கின. அதன் விளைவாகத்தான் 1997-இல் முதலீட்டாளர் நலப் பாதுகாப்புக்குத் தனிச் சட்டமே வந்தது. அந்தக் கம்பெனிகள் மியூச்சுவல் ஃபண்டுகள் அல்ல. ஆனால் பணம் போனவருக்கு எல்லாம் ஒன்றுதான். இந்தியாவில் தனியார் துறையின் முதல் மியூச்சுவல் ஃபண்டு 1993-இல் தொடங்கப்பட்டது இதே சென்னையில்தான், கோத்தாரி பயனியர் என்ற பெயரில். இன்று நாட்டின் மியூச்சுவல் ஃபண்டு கணக்குகளில் பெரும்பகுதியைப் பராமரிக்கும் காம்ஸ் நிறுவனத்தின் தலைமையகமும் சென்னைதான். நம் ஊருக்கு இதெல்லாம் புதிதில்லை என்பதற்காகச் சொன்னேன்.

சூதாட்டம் என்ற சொல்லில் ஒரு துளி உண்மையும் உண்டு. பங்குகளில் முதலீடு செய்யும் ஃபண்டு எப்படி இறங்கும் என்பதை எண்களில் பாருங்கள். 2008 ஜனவரியில் 21,000 வரை போன மும்பைப் பங்குச் சந்தைக் குறியீடான சென்செக்ஸ் 2009 மார்ச்சில் 8,000 சொச்சத்தில் இருந்தது. மீண்டும் 21,000-ஐத் தொட 2010 நவம்பர் ஆயிற்று. 2020-இல் கொரோனா வந்தபோது ஜனவரியில் 42,000, மார்ச் 23 அன்று 26,000-க்கும் கீழே. இரண்டு முறையும் மீண்டது உண்மை. அடுத்த முறையும் இவ்வளவு காலத்தில் மீளும் என்று எவராலும் எழுதிக் கொடுக்க முடியாது. 1 லட்சம் போட்டது 45,000 ஆகக் காட்டும் ஒரு காலைப் பொழுதில் உங்களால் விற்காமல் இருக்க முடியுமா என்பதை உங்களைத் தவிர யாரும் சொல்ல முடியாது. உண்மையைச் சொன்னால், அந்த நாள் வரும்வரை உங்களுக்கே தெரியாது. மாதாமாதம் ஒரே தொகையைப் போடும் எஸ்.ஐ.பி. முறையில் போட்டால் நட்டமே வராது என்கிறார்களே, அது தவறு. எஸ்.ஐ.பி. தவணை முறை, அவ்வளவே. ஒரே நாளில் உச்ச விலையில் மொத்தமாகச் சிக்காமல் காப்பாற்றும். சந்தை விழுந்தால் அதுவும் சேர்ந்து விழும்.

பாண்டுகளைக் கொண்ட மியூச்சுவல் ஃபண்டு, அதாவது கடன் ஃபண்டு, உங்கள் வங்கி மேலாளர் "டெபாசிட் மாதிரிதான்" என்று சொல்லக்கூடியது. சிலவற்றுக்கு அது ஏறக்குறையப் பொருந்தும், சிலவற்றுக்கு அறவே பொருந்தாது. 2020 ஏப்ரல் 23 அன்று ஃப்ராங்க்ளின் டெம்பிள்டன் நிறுவனம் ஆறு கடன் ஃபண்டுகளை ஒரே இரவில் மூடியது. உள்ளே சுமார் 25,000 கோடி ரூபாய் சிக்கிக்கொண்டது. அவற்றில் ஒன்றின் பெயரில் "அல்ட்ரா ஷார்ட்" என்றே இருந்தது. குறுகிய காலம், ஆகவே ஆபத்தில்லை என்று நினைத்து அவசரப் பணத்தை அதில் வைத்திருந்தவர்கள் பலர். காலம் குறுகியதுதான், ஆனால் கடன் கொடுத்திருந்தது தரமதிப்பீட்டில் கீழ்ப்படிகளில் இருந்த நிறுவனங்களுக்கு. ஊரடங்கு வந்து எல்லோரும் பணம் கேட்டபோது அந்தப் பத்திரங்களை வாங்க சந்தையில் ஆளில்லை. பின்னர் நீதிமன்ற மேற்பார்வையில் படிப்படியாக விற்று, மூடிய அன்றைய மதிப்பைவிடச் சற்று அதிகமாகவே முதலீட்டாளர்களுக்குத் திருப்பித் தந்தார்கள். ஆனால் ஆண்டுக்கணக்கில் தவணை தவணையாகத்தான் வந்தது. மருத்துவமனைக் கட்டணம் கட்ட வேண்டியிருந்தவருக்கு அந்தக் கடைசிக் கணக்கால் என்ன பயன்?

ஆகவே கடன் ஃபண்டில் பெயரை மட்டும் படித்து நிற்காதீர்கள். உள்ளே இருப்பதைப் படியுங்கள். என்னென்ன பத்திரங்கள், என்ன தரமதிப்பீடு என்ற பட்டியலை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை வெளியிட வேண்டும் என்பது விதி. மாதாந்திரத் தகவல் தாளில் "மாடிஃபைட் டியூரேஷன்" என்று ஓர் எண் இருக்கும். அது 4 என்றால், வட்டி 1 சதவீதம் ஏறும்போது யூனிட் மதிப்பு ஏறக்குறைய 4 சதவீதம் இறங்கும் என்று பொருள், 0.1 என்றால் அசைவே தெரியாது. பிரிவின் பெயரிலும் கொஞ்சம் செய்தி உண்டு. கார்ப்பரேட் பாண்டு ஃபண்டு என்றால் குறைந்தது 80 சதவீதம் ஏ.ஏ.+ அல்லது அதற்கு மேல் இருக்க வேண்டும். கிரெடிட் ரிஸ்க் ஃபண்டு என்றால் குறைந்தது 65 சதவீதம் ஏ.ஏ. அல்லது அதற்குக் கீழே. பின்னதைத் தொடக்கக்காரர் தொட வேண்டிய அவசியமே இல்லை என்பது என் கருத்து. முதிர்வுத் தேதியோடு வரும் ஃபண்டுகளும் இப்போது உண்டு. 2019 டிசம்பரில் வந்த பாரத் பாண்டு இ.டி.எஃப். (பங்கைப் போலச் சந்தையில் வாங்கி விற்கக்கூடிய ஃபண்டு) அப்படிப்பட்டது: ஏ.ஏ.ஏ. தரமுள்ள பொதுத்துறை நிறுவனங்களின் பாண்டுகளை வாங்கி, குறித்த ஆண்டு வரை வைத்திருந்து பணத்தைத் தந்துவிடுவார்கள்.

செலவைப் பற்றி எவரும் உங்களிடம் தாமாகப் பேச மாட்டார்கள். ஃபண்டு ஒவ்வொன்றும் ஆண்டுதோறும் ஒரு சதவீதத்தைச் செலவு விகிதமாகக் கழித்துக்கொண்டுதான் என்.ஏ.வி.யைக் காட்டுகிறது. 2013 ஜனவரியிலிருந்து ஒரே திட்டத்துக்கு "ரெகுலர்", "டைரக்ட்" என்று இரண்டு வழிகள் உண்டு. ரெகுலரில் விற்பனையாளருக்கான கமிஷன் உங்கள் பணத்திலிருந்து நீங்கள் வைத்திருக்கும் காலம் முழுக்கப் போய்க்கொண்டிருக்கும். பங்கு ஃபண்டுகளில் இந்த வித்தியாசம் 1 சதவீதத்தை ஒட்டி இருப்பது சாதாரணம். 1 லட்சம் ரூபாய் ஆண்டுக்கு 11 சதவீதம் வளர்ந்தால் 20 ஆண்டில் 8.06 லட்சம், 10 சதவீதம் என்றால் 6.73 லட்சம். அந்த ஒற்றைச் சதவீதம் நீங்கள் முதலில் போட்ட தொகையைவிட அதிகமாகத் தின்றுவிடுகிறது. 11 வரும், 10 வரும் என்று வாக்குக் கொடுக்கவில்லை. செலவின் கனத்தைக் காட்டத்தான் இந்தக் கணக்கு. வருமானம் எவ்வளவு என்பது ஐயம், செலவு எவ்வளவு என்பது நிச்சயம். நிச்சயமானதைக் குறைப்பது முதல் வேலை. இதனாலேயே, பங்குகளில் போடுவதென்றால் நாட்டின் 50 பெரிய நிறுவனங்களைக் கொண்ட நிஃப்டி 50 போன்ற குறியீட்டைப் பின்பற்றும் இண்டெக்ஸ் ஃபண்டின் டைரக்ட் வழியில் தொடங்கச் சொல்வேன். அடுத்த பத்தாண்டில் எந்த மேலாளர் குறியீட்டை மிஞ்சுவார் என்பதை முன்கூட்டிக் கண்டுபிடிக்கும் வித்தை எனக்குக் கைவரவில்லை. ஆனால் கூடவே இருந்து வழிநடத்தும் நல்ல விநியோகஸ்தர் ஒருவர் கிடைத்து, சந்தை விழும் நாளில் உங்களை விற்கவிடாமல் தடுத்தால், அந்தக் கமிஷன் வீண் அல்ல. அப்படிப்பட்டவர்கள் இருக்கிறார்கள், குறைவு.

உங்கள் 6 லட்சத்துக்கு வருகிறேன். உங்கள் வீட்டு நிலவரம், கடன், காப்பீடு எதுவும் நீங்கள் எழுதவில்லை. அதனால் இது நான் யோசிக்கும் விதம் மட்டுமே. திருமணத்துக்கான 2 லட்சம் டெபாசிட்டில்தான் இருக்க வேண்டும். இதில் அப்பா சொல்வதே சரி. தேதி தெரிந்த, தள்ளிப்போட முடியாத செலவு அது. வேலை போனால் ஐந்தாறு மாதம் குடும்பம் ஓடுவதற்கு இன்னொரு 2 லட்சமாவது உடனே எடுக்கும்படி இருக்க வேண்டும்: இதுவும் டெபாசிட், அல்லது ஒரு பகுதி லிக்விட் ஃபண்டு, அதாவது மிகக் குறுகிய காலக் கடன் பத்திரங்களை மட்டும் வைத்திருக்கும் கடன் ஃபண்டு. ஏற்றுமதித் தொழிலில் ஆர்டர் குறையும் பருவத்தைத் திருப்பூர்க்காரருக்கு நான் விளக்க வேண்டியதில்லை. ஒரே வங்கியில் அசலும் வட்டியும் சேர்த்து 5 லட்சத்தைத் தாண்டாமல் இரண்டு வங்கிகளில் பிரித்து வைத்தால் காப்பீட்டு வரம்புக்குள் அடங்கும். மீதி 2 லட்சம்தான் நீங்கள் கேட்ட கேள்விக்கே உரிய பணம். ஏழெட்டு ஆண்டு தொட மாட்டேன் என்று உறுதியாகச் சொல்ல முடிந்தால், அதில் பாதியை இண்டெக்ஸ் ஃபண்டில் ஓராண்டுக்குப் பிரித்துப் பிரித்துப் போடலாம். மறுபாதிக்கு ரிசர்வ் வங்கியின் மிதவை வட்டிச் சேமிப்புப் பத்திரம் இருக்கிறது. ஏழு ஆண்டு முதிர்வு. தேசிய சேமிப்புப் பத்திரத்தின் வட்டியைவிட 0.35 சதவீதம் அதிகம், அது 7.7 என்றால் இது 8.05. ஆறு மாதத்துக்கு ஒருமுறை வட்டி திருத்தப்படும். சந்தையில் விற்க முடியாது என்பதால் விலை ஆடும் தொல்லையும் இல்லை. ஆனால் 60 வயதுக்குக் கீழ் இருப்பவர் நடுவில் எடுக்க முடியாது, அதை மறக்காதீர்கள். மாமாவின் 11 சதவீதத்தை விட மனமில்லையென்றால், முழுதாகப் போனாலும் வீட்டில் பேச்சு வராத அளவுக்கு, 20,000 அல்லது 30,000 போட்டுப் பாருங்கள்.

வரியைப் பற்றி ஒரு செய்தி மட்டும். 2023 ஏப்ரல் முதல் வாங்கும் கடன் ஃபண்டுகளின் லாபத்துக்கு, எத்தனை ஆண்டு வைத்திருந்தாலும், டெபாசிட் வட்டியைப் போல உங்கள் வருமான வரம்பின்படியே வரி. பங்கு ஃபண்டில் ஓராண்டுக்கு மேல் வைத்திருந்து விற்றால் ஆண்டுக்கு 1.25 லட்சம் ரூபாய் வரையிலான லாபத்துக்கு வரியில்லை, அதற்கு மேல் 12.5 சதவீதம். புதிய வரிமுறையில் 12 லட்சம் வரை வருமானம் உள்ளவருக்கு 2025-26 நிதியாண்டிலிருந்து வரி இல்லாததால், உங்கள் சம்பளத்துக்கு டெபாசிட் வட்டியோ பாண்டு வட்டியோ வரிச்சுமையாக வாய்ப்பில்லை. எனவே "வரி மிச்சம்" என்று சொல்லி எவராவது எதையாவது விற்க வந்தால் உங்களுக்கு அது பொருந்தாது. விதிகள் ஒவ்வொரு பட்ஜெட்டிலும் மாறுகின்றன, விற்கும் ஆண்டில் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக, வங்கியில் கையெழுத்துப் போடும் முன் அந்த விண்ணப்பத்தை ஒருமுறை முழுதாகப் படியுங்கள். மியூச்சுவல் ஃபண்டு என்று வாயால் சொல்லிவிட்டு யூலிப் என்ற காப்பீட்டுத் திட்டத்தைக் கொடுக்கும் வழக்கம் கிளைகளில் உண்டு. அதுவும் "ஃபண்டில் போகிறது" என்பது பொய்யில்லையே என்பார்கள். அடையாளம் எளிது. பிரீமியம், பாலிசி, காப்பீட்டுத் தொகை என்ற சொற்கள் தாளில் இருந்தால் அது காப்பீடு. ஐந்து ஆண்டு பணத்தை எடுக்க முடியாது. ஃபோலியோ எண், யூனிட், என்.ஏ.வி. என்று இருந்தால் மியூச்சுவல் ஃபண்டு. ஏற்கெனவே கையெழுத்துப் போட்டுவிட்டீர்கள் என்றால், பாலிசி ஆவணம் கைக்கு வந்த நாளிலிருந்து 30 நாளுக்குள் வேண்டாம் என்று எழுத்தில் கொடுத்துத் திருப்பிவிடலாம். கிளையில் வாய்வார்த்தையாகச் சொல்லிவிட்டு வராமல் காப்பீட்டு நிறுவனத்துக்கே மின்னஞ்சல் அனுப்பி, அதன் பதிலைப் பத்திரப்படுத்திக்கொள்ளுங்கள்.